இருநூறு ரூபாய்ச் சட்டம்

இருநூறு ரூபாய்!

உரிமம் பெறாமல் மனநோயர் காப்பகம் நடத்துகிற ஒருவன் பிடிபட்டு, வழக்குமன்றம் ஏறி, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால், முதன்முறை அவனுக்கு விதிக்கத்தக்க அபராதத்தின் உச்ச வரம்பு அது. ஊர்ப் பஞ்சாயத்து விதித்த தண்டம் என்று எண்ணிவிடாதீர். இந்திய நாடாளுமன்றம் வகுத்தது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம், 82ஆம் பிரிவு. மீண்டும் அதே குற்றத்தைப் புரிந்தால், தொகை ஆயிரம் ரூபாய் வரை உயரும்.

"மூன்று திங்கள் வரை சிறை என்றும் அங்கே எழுதியிருக்கிறதே, அம்மையே!" என்று சட்டம் பயிலும் தோழர் எவரேனும் இடைமறிக்கலாம். எழுதியிருக்கிறது. 'அல்லது' என்ற சொல்லும் எழுதியிருக்கிறது. மூன்று திங்கள் சிறை, அல்லது இருநூறு ரூபாய், அல்லது இரண்டும். அந்த 'அல்லது' எவ்வளவு அகலமான வாயில் என்பதையும், அதன் வழியே எத்தகையோர் வெளியேறுவர் என்பதையும், வழக்குமன்றத் தாழ்வாரத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்க்கு எடுத்துக்கூறத் தேவையில்லை.

காப்பகத்தில் உள்ளோரை இழிவுக்கும் கொடுமைக்கும் ஆளாக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு பேசிற்று. அழகாகத்தான் பேசிற்று. மீறினால் என்ன தண்டனை என்று தேடிக்கொண்டு போனால், தனியே தண்டனை குறிக்கப்படாத குற்றங்கட்கெல்லாம் பொதுவான 85ஆம் பிரிவில் போய் நிற்போம். அங்கே ஆறு திங்கள் வரை சிறை, 'அல்லது' ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். உரிமம் இல்லாமைக்கு இருநூறு, கொடுமைக்கு ஐந்நூறு. கடைத்தெருவில் விலைப்பட்டியல் எழுதித் தொங்கவிட்டிருப்பார்களே, அதுபோல!

நான் வரலாறு படித்தவள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். சட்டப் புத்தகத்தைப் பிரிவு பிரிவாகப் புரட்டும் பழக்கம் கல்லூரியில் எனக்கு வரவில்லை. வீட்டில் வந்தது. ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமானால், நாடறிந்த ஒரு நெருப்பை முதலில் சொல்ல வேண்டும்.

2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. அங்குள்ள தர்காவுக்கு மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு பன்னெடுங்காலமாக மக்கள் வருகிறார்கள். தர்காவின் நீரும், விளக்கெண்ணெயும் மருந்து. நோயாளியின் கனவில் கட்டளை பிறக்க வேண்டும், பிறந்தால் விடுதலை. அதற்கு இரண்டு திங்களும் ஆகலாம், இரண்டு மூன்று ஆண்டுகளும் ஆகலாம். அதுவரை அவரை எங்கே வைப்பது? வந்து குவிந்தோரைப் பார்த்தனர் சிலர். தர்காவைச் சுற்றிக் காப்பகங்கள் முளைத்தன. கீற்றுக் கொட்டகை, கட்டில், சங்கிலி, பூட்டு. இவ்வளவே முதலீடு. அப்படிப்பட்ட கொட்டகை ஒன்றில் அன்று விடியற்காலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் 45 பேர். அவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓடக் காலிருந்தது, ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. இன்னார் உடல் இதுவென்று அடையாளம் காணவும் இயலாதபடி கருகிக் கிடந்தனர்.

உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு மனநோயர் விடுதித் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேர் மாண்டது குறித்து என்பதே வழக்கின் தலைப்பு. தலைப்பு எழுதும்போது 25. பின்னர் மூவர் மறைந்து 28. ஏட்டில் இன்றும் 25 என்றே இருக்கிறது.

தீ நடந்த ஒரே வாரத்தில் ஏர்வாடியின் அத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டன. ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் சங்கிலி அகற்றப்பட்டு அரசின் பொறுப்பில் வந்தனர். அந்த ஐந்நூறு பேரில் ஒருவர் என் மாமா, என் அன்னையின் தம்பி.

தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் அவர். இருபத்து நான்காம் வயதில், எவரும் பேசாத வேளையில் எவரோ தம்மிடம் பேசுவதாகக் கூறத் தொடங்கினார். கணக்கேட்டில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பெயர்களாக எழுதினார். முதலாளி வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வீட்டார் என்ன செய்தனர்? கோடாங்கி வந்தான், உடுக்கை ஒலித்தது, வேப்பிலையடி விழுந்தது. குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டப்பட்டது. அது பலிக்கவில்லை என்றதும் அந்தோணியார் கோயிலில் பதின்மூன்று செவ்வாய். அதுவும் பலிக்கவில்லை என்றதும் தர்கா. மூன்று மதங்களும் ஒற்றுமையாக நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும். 'நோய் எது?' என்று மூன்றில் ஒன்றும் கேட்கவில்லை. 'பேய் எது?' என்று மூன்றும் கேட்டன!

அம்மாச்சியைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை. எழுத்தறியாத கைம்பெண். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாளில் ஒருமுறை, "மருத்துவரிடம் ஏன் அழைத்துப் போகவில்லை, அம்மாச்சி?" என்று கேட்டேன். "எந்த டாக்டர ஆத்தா எங்களுக்குத் தெரியும்? ஊரே சொன்ன எடம் அதுதான்" என்றார். அவர் கூற்றில் பொய் இல்லை. அரசின் முழு மனநல மருத்துவமனை மாநிலம் முழுமைக்கும் ஒன்றே ஒன்று: சென்னைக் கீழ்ப்பாக்கம். 1794இல் கம்பெனி ஆட்சியில் தோன்றியது. எங்கள் ஊரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். தர்காவோ ஒரு பேருந்துத் தொலைவு.

மாதந்தோறும் காப்பகத்துக்கு 500 ரூபாய் போயிற்று. களையெடுத்தும், கதிரறுத்தும், ஆட்டுக்குட்டி விற்றும் அனுப்பிய பணம். இப்போது கணக்கைப் பாருங்கள், தோழர்களே! ஒரே ஒரு நோயாளிக்காக ஒரே ஒரு மாதம் அந்தக் காப்பகத்தான் பெற்றது ஐந்நூறு. உரிமமின்றி நடத்தியதற்கு அவன் முதன்முறை கட்டக்கூடிய உச்ச அபராதம் இருநூறு. என் மாமாவின் பன்னிரண்டு நாள் கட்டணம்! இதைத் தண்டனை என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் தீங்கு. சந்தையில் கடை போடுவோர் கொடுக்கும் தரைவாடகை இதைவிடக் கூடுதல்.

அந்தத் தொகையையாவது எவரேனும் தண்டினரா என்றால், அதற்கு முன்னதாக எவரேனும் வந்து பார்க்க வேண்டுமே! 1987இல் நிறைவேறிய சட்டம் 1993 ஏப்ரல் முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. பிறந்து ஆறாண்டு கழித்து நடக்கத் தொடங்கிய குழந்தை. உரிமம் இன்றிக் காப்பகம் நடத்தலாகாது என்றது. ஆய்வு அலுவலர் எந்நேரமும் உள்ளே நுழையலாம் என்றது. பார்வையாளர் குழு ஒன்று வேண்டும், அவர்களுள் மூவருக்குக் குறையாமல் மாதம் ஒருமுறை சேர்ந்து சென்று ஒவ்வொரு பகுதியையும் பார்வையிட வேண்டும் என்றெல்லாம் விரிவாக எழுதியது. 1993 முதல் 2001 வரை எட்டாண்டுகள். ஏறத்தாழ நூறு மாதங்கள். அந்த நூறு மாதங்களும் கொட்டகைகள் ஒளிந்திருக்கவில்லை. சாலையோரத்தில் இருந்தன. பேருந்து நடத்துநருக்கு அவை தெரியும்; தேநீர்க் கடைக்காரருக்குத் தெரியும். சட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை. உரிமம் பெற்ற காப்பகம் ஏட்டில் இருக்கும், அதைப் பார்வையாளர் பார்வையிடுவர்; உரிமமே பெறாததைப் பார்ப்பதற்கு ஏட்டில் அது இல்லையே! முறையாக நடப்பவனுக்கு மாதம் ஒரு தொல்லை, முறைகேடனுக்கு நிம்மதி. விதி இப்படித்தான் தலைகீழாக வேலை செய்தது.

தீக்குப் பிறகு அரசு அமைத்த ஆணையம் ஒன்று விசாரித்தது. அதன் பரிந்துரைகளுள் இரண்டைக் கேளுங்கள். மனநலக் காப்பகம் நடத்த விரும்புவோர் உரிமம் பெற வேண்டுமாம். நோயாளிகளின் சங்கிலிகளை அகற்ற வேண்டுமாம். பரிந்துரையைப் பழிக்கவில்லை, வேறு என்ன பரிந்துரைக்க முடியும்? ஆனால் முன்னதைத்தான் 1993 முதல் சட்டம் கூறிக்கொண்டிருந்ததே! ஏட்டில் எட்டாண்டாய்க் கிடந்த ஒன்றை, இருபத்தெட்டுப் பேர் எரிந்த பின், புதிய கருத்துப் போல மீண்டும் ஒருமுறை எழுத வேண்டியிருந்தது.

2002 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளில் ஒன்றைப் பகுத்தறிவாளர் ஒவ்வொருவரும் எழுதி வைத்துக்கொள்ளலாம். மனநோயரைச் சங்கிலியில் பிணைப்பது சட்டத்துக்கு மாறானது. அவர்களை அனுப்ப வேண்டிய இடம் மருத்துவரிடமே ஒழியக் கோயிலோ தர்காவோ போன்ற இடங்களல்ல. இதனை ஊர்ப்புறத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நாம் மேடையில் சொன்னால் 'நாத்திகம்' என்பர். நாட்டின் உச்சநீதிமன்றம் சொன்னது, என்ன என்பார்களோ! தர்கா என்றதும் ஒரு சாரார் புன்முறுவல் பூக்க வேண்டா. குணசீலத்துக்கும் சோளிங்கருக்கும் மனநோயரை எதற்காக அழைத்துச் செல்கிறார்கள் என்பதை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை.

வழக்கின் முடிவு 2007இல் வந்தது. காப்பக உரிமையாளருக்கும், அவர் மனைவிக்கும், உறவினர் இருவருக்கும் ஏழாண்டுச் சிறை. ஏழாண்டு எங்கிருந்து வந்தது? உரிமப் பிரிவிலிருந்து வந்திருக்க வழியில்லை. அதன் எல்லை மூன்று திங்கள். கொடுமைக்கான பொதுப் பிரிவிலிருந்தும் வந்திருக்க முடியாது. அதன் எல்லை ஆறு திங்கள். காப்பகங்களை ஒழுங்குபடுத்தவென்றே செய்த சட்டத்தின் கையில் அவ்வளவு தண்டனை இல்லை. பிணம் விழுந்த பிறகு வரும் குற்றவியல் சட்டத்தின் கைதான் நீண்டது. நான் சொல்ல விரும்புவது இதுவே: நெருப்புக்கு முன் இருநூறு ரூபாய், நெருப்புக்குப் பின் ஏழாண்டு. இடையில் உள்ள பள்ளத்தில்தான் அந்த இருபத்தெட்டுப் பேரும் விழுந்தனர். முன்னதை உயர்த்தியிருந்தால் பின்னதற்கு வேலை இருந்திருக்காது.

மாமாவைப் பற்றி இன்னும் சிறிது. ஆகஸ்டு மாதக் கடைசியில் வீடு வந்து சேர்ந்தார். இடது கணுக்காலில் புண். அது ஆறியும் வடு ஆறவில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மாத்திரை தந்தனர். ஆறு வாரத்தில் 'குரல்கள் தூரமாகப் போய்விட்டன' என்றாராம். ஆறே வாரம்! ஆண்டுக் கணக்கில் கனவுக்குக் காத்திருந்தவர். இன்று மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். மாத்திரையை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. கதவைத் தாழிட்ட அறையில் மட்டும் உறங்க மாட்டார், மழையானாலும் திண்ணையில்தான்.

பழைய கதை, முடிந்துபோன கதை என்று நானும் எண்ணியிருக்கலாம். சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை என்னைத் தேடி வந்தார். சரக்குந்து ஓட்டுபவர், மாதத்தில் இருபது நாள் வெளிமாநிலத்தில். மனைவிக்கு மனநோய். பெண்ணுக்கோ பத்தாம் வகுப்புத் தேர்வு. "டீச்சர், ஒரு ஹோம் இருக்குன்னு சொல்றாங்க. மாசம் எட்டாயிரம். படிச்சவங்க நீங்க ஒருதரம் வந்து பாத்துச் சொன்னா எனக்கு மனசு தெளியும்" என்றார். போனோம்.

ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன். கட்டடம் காங்கிரீட்டு, கீற்றல்ல. தரை கழுவியிருந்தது, உணவு மணத்தது. சங்கிலி என் கண்ணில் படவில்லை. நாடு முன்னேறித்தான் இருக்கிறது! உள்ளே முப்பது பேர் இருப்பதாகக் கூறினர். சன்னல்களுக்கு இரும்புக் கம்பி. கூடத்துக்கு ஒரே கதவு; கதவுக்கு வெளிப்பக்கம் பூட்டு; சாவி காவலாளியின் இடுப்பில். அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தார். நாங்கள் கால் மணி நேரம் காத்திருந்தோம். அந்தக் கால் மணி நேரமும் உள்ளேயிருந்த முப்பது பேருக்கு வெளியே வர வழி கிடையாது.

பதிவுச் சான்றை வருவோர் கண்ணில் படும் இடத்தில் மாட்டிவைக்க வேண்டும் என்பது விதி. சுவரில் கடவுளர் படங்கள் ஏழெட்டு இருந்தன, சான்று இல்லை. கேட்டேன். மேலாளர் சினங்கொள்ளவில்லை, சிரித்தார். "அப்ளிகேஷன் போட்டிருக்கு டீச்சரம்மா, வரும். வந்து கேட்டா அபராதம் கட்டிட்டுப் போறோம். நாங்களும் மூடிட்டா இவங்கள எல்லாம் யாரு பாப்பா?" என்றார்.

அபராதம் கட்டிவிட்டுப் போகிறார்களாம்! வீட்டுக்கு வந்து புதிய சட்டத்தை எடுத்தேன். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி 2017இல் நிறைவேறி, 2018இல் நடைமுறைக்கு வந்தது மனநலப் பராமரிப்புச் சட்டம். பல வகையில் உயர்ந்த சட்டம். அதை மறுப்பது அறமாகாது. எந்த வகையிலும் எந்த உருவிலும் சங்கிலியிடுதல் கூடாது என்று 95ஆம் பிரிவு வெளிப்படையாகத் தடுத்தது. மருத்துவம் பெறுவதை உரிமை என்றது. தண்டனை? பதிவின்றி நடத்தினால் முதன்முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை. இரண்டாம் முறை 50,000 முதல் 2 இலட்சம். அதற்கு மேலும் தொடர்ந்தால் 2 இலட்சம் முதல் 5 இலட்சம் வரை. பதிவில்லை என்று அறிந்தும் அங்கே பணிபுரியும் மனநல வல்லுநர்க்கு 25,000 வரை. இதனை வகுத்த 107ஆம் பிரிவில் சிறை என்ற சொல்லே இல்லை. சட்டத்தின் பிற பிரிவுகளை மீறுவோர்க்கு, சங்கிலியிடுவோர்க்கும் சேர்த்துத்தான், முதன்முறை ஆறு திங்கள் வரை சிறை, 'அல்லது' பத்தாயிரம் ரூபாய் வரை. பழைய 'அல்லது' இங்கும் வந்து அமர்ந்துகொண்டது.

வகுப்பில் கரும்பலகையில் போடுவது போல் ஒரு கணக்குப் போடுகிறேன். முப்பது பேர், ஆளுக்கு எட்டாயிரம், மாத வருவாய் 2,40,000 ரூபாய், நாளொன்றுக்கு 8,000. முதற் குற்றத்தின் பெருந்தொகை 50,000. ஆறே கால் நாள் வருவாய்! சிறுதொகை 5,000. அது ஒரு நோயாளியின் ஒரு மாதக் கட்டணத்துக்கும் குறைவு. என் அம்மாச்சியின் காலத்தில் 500க்கு 200. மாணவியின் தந்தை காலத்தில் 8,000க்கு 5,000. எண்கள் பெருத்தன, உறவு மாறவில்லை. மேலாளர் ஏன் சிரித்தார் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. அவரும் கணக்குப் போட்டிருக்கிறார்.

அவர் கேட்ட கேள்வியை மட்டும் தட்டிவிட முடியாது. மூடினால் இவர்கள் எங்கே போவர்? காப்பகம் நடத்துவோர் அனைவரும் கொடியவர் என்று நான் எழுதினால் அது பொய். வீட்டார் கைவிட்டவரை, தொடர்வண்டி நிலையத்தில் கிடந்தவரை, வேறெவரும் சேர்க்காதவரைச் சேர்த்தவர்கள் அவர்களுள் உண்டு. அரசு செய்யாததைச் செய்கிறேன் என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. மறுபாதியை 2023 பிப்ரவரி காட்டிற்று. விழுப்புரம் மாவட்டத்தில் ஆதரவற்றோர்க்கென நடந்த காப்பகம் ஒன்றிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோரை அதிகாரிகள் மீட்க வேண்டியதாயிற்று. உறவினர் ஒருவர் தம்மவரைக் காணவில்லை என்று வழக்குமன்றம் போன பிறகே கதவு திறந்தது. ஆக, இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். பூட்டைப் போடும் அதிகாரியின் பின்னால் நோயாளியை ஏற்றிச் செல்லும் ஊர்தியும், அவருக்குப் படுக்கை ஒதுக்கிய மருத்துவமனையும் வர வேண்டும். வெறும் பூட்டு, நோயாளியைத் தெருவுக்கு அனுப்பும். வெறும் பரிவு, சங்கிலிக்கு அனுப்பும்.

இது ஏழை நாட்டின் நோய், பொருள் வளர்ந்தால் தானே போய்விடும் என்று எண்ணுவோரும் உளர். இங்கிலாந்தைப் பாருங்கள். பிரிஸ்டல் நகரின் அருகே வின்டர்போர்ன் வியூ என்றொரு தனியார் மருத்துவமனை; கற்றல் குறைபாடு உடையோர்க்கானது. உரிமம் உண்டு, ஆய்வுத்துறை உண்டு, கட்டணமும் கொழுத்த கட்டணம். அங்கே நோயாளிகள் அடிக்கப்படுகிறார்கள் என்று மூத்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்துக்கும் சொன்னார், ஆய்வுத்துறைக்கும் சொன்னார். எவரும் அசையவில்லை. 2011இல் பிபிசி நிறுவனத்தார் மறைகருவி கொண்டு படம்பிடித்து ஒளிபரப்பிய பிறகே நாடு அதிர்ந்தது. 2012இல் பதினொருவர் தண்டிக்கப்பட்டனர். அறுவர் சிறை சென்றனர். அனைவரும் ஊழியர்கள். அவர்களை வேலைக்கு வைத்து வருவாய் பெற்றோர் குற்றக் கூண்டில் ஏறவில்லை. 2015இல் அங்கே வந்த சட்டம் ஒன்று இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தது. வேண்டுமென்றே புறக்கணிக்கும் ஊழியனுக்கு ஐந்தாண்டு வரை சிறை. அதற்கு இடங்கொடுத்த நிறுவனத்துக்கு அபராதம். அத்துடன் 'நாங்கள் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோம்' என்று அந்நிறுவனமே ஊரறிய விளம்பரம் செய்ய வேண்டும் என ஆணையிடும் அதிகாரம் வழக்குமன்றத்துக்கு. இந்த விளம்பரத் தண்டனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அபராதத்தைக் கட்டணத்தில் ஏற்றி நோயாளியின் வீட்டாரிடமே தண்டிவிடலாம். அவப்பெயரை எவர் தலையில் ஏற்றுவது?

நம் நாட்டில் சட்டம் பிறந்தும் உயிர் பெறாமல் கிடந்த கதை இன்னொன்றும் உண்டு. தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997இல் சட்டம் இயற்றினர். அதனை இயங்கச் செய்யும் விதிகள் 2018இல் வந்தன. இருபத்தோர் ஆண்டு! நான் பிறப்பதற்கு முன் இயற்றிய சட்டம், நான் கல்லூரி வாயிலை எட்டியபோது விதி பெற்றது. முதியோர் நலனுக்கென 2007இல் வந்த நடுவண் சட்டமோ, பெற்றோரைக் கைவிடும் பிள்ளைக்கு மூன்று திங்கள் வரை சிறை, 'அல்லது' 5,000 ரூபாய் வரை அபராதம் என்றது. மீண்டும் ஐயாயிரம், மீண்டும் 'அல்லது'. நலிந்தோர் குறித்த சட்டம் எழுத அமரும்போதெல்லாம் நம் சட்டமன்றங்களின் எழுதுகோலுக்கு இந்த இரண்டும் எப்படியோ நினைவுக்கு வந்துவிடுகின்றன.

என் கருத்து இது. காப்பகம் எத்தனை நாள் பதிவின்றி நடந்ததோ, அத்தனை நாளும் ஒவ்வொரு நோயாளிக்காகவும் பெற்ற கட்டணம் முழுவதையும் திருப்பிக் கொடுக்கச் செய்ய வேண்டும். அந்தப் பணம் அதே நோயாளியின் மருத்துவத்துக்குப் போக வேண்டும். முப்பது பேரை ஓராண்டு வைத்திருந்தால் 28,80,000 ரூபாய். அப்போது மேலாளர் சிரிக்க மாட்டார்; அடுத்த வாரமே படிவத்தை நிரப்பி, இரண்டாவது கதவையும் வைத்துவிடுவார். பூட்டிய கதவுக்கும் சங்கிலிக்கும் அபராதம் வேண்டா, 'அல்லது'ம் வேண்டா. சிறை மட்டும் போதும். "சிறு காப்பகங்கள் தாங்காதே!" என்பர். பதிவுக் கட்டணத்தைத் தாங்கலாம். பதிவு செய்துகொள்வோர்க்கு இத்தண்டனையால் ஒரு காசும் இழப்பில்லை.

சட்டம் திருந்தும் நாள் வரை கைகட்டியிருக்கத் தேவையில்லை. இருக்கிற சட்டத்திலேயே ஒரு சாளரம் உண்டு. குறைந்தபட்ச நெறிகளைக் காப்பகம் பின்பற்றவில்லை என்று எவர் முறையிட்டாலும், மாநில ஆணையம் ஆய்வுக்கு ஆணையிடலாம் என்கிறது 68ஆம் பிரிவு. உறவினராக இருக்க வேண்டும் என்றோ, வழக்குரைஞராக இருக்க வேண்டும் என்றோ அங்கே எழுதவில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு காப்பகத்தையும் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. நம் மன்றங்கள் இதற்கு முன்வர வேண்டும். ஊருக்கு நான்கு தோழர்கள், ஞாயிறு ஒருநாள், ஒரு குறிப்பேடு. காப்பகத்துக்குப் போய்ச் சான்று எங்கே என்று பணிவாகக் கேளுங்கள். கதவு எத்தனை, பூட்டு எந்தப் பக்கம், சாவி யாரிடம், இரவில் விழித்திருப்பவர் எத்தனை பேர் என்று எழுதுங்கள். உள்ளே இருப்பவரிடம் பேசாமல் வந்துவிடாதீர்கள். அவர்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், அவர்களோடு பேசுவார் அரியர். கோவில் திருவிழாவில் கடவுள் மறுப்புத் துண்டறிக்கை கொடுப்பதற்கு வேண்டிய துணிவில் பாதி போதும் இதற்கு.

மாணவியின் அன்னையை அக்காப்பகத்தில் சேர்க்கவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பதினாறு நாள் இருந்தார். பின்னர் வீடு திரும்பினார். பெண்ணின் அத்தை வந்து உடனிருக்கிறார். இரவில் அவர் உறங்காத நாள்கள் இன்னும் உண்டு. பெண் தேர்வில் வென்றாள்; கணிதத்தில் மட்டும் மதிப்பெண் குறைவு. அவளைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

அந்த முப்பது பேரைப் பற்றி 68ஆம் பிரிவின்படி முறையீடு எழுதி அனுப்பினேன். கதவையும் பூட்டையும் வரைந்து காட்டும் படம் ஒன்றையும் இணைத்தேன். பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வந்திருக்கிறது. என்னுடன் பணிபுரியும் ஆசிரியர் அறுவரும் எங்கள் படிப்பகத்துத் தோழர்கள் ஐவரும் கையொப்பமிட்ட இரண்டாம் மடலைச் சென்ற திங்களன்று பதிவஞ்சலில் சேர்த்துவிட்டேன்.